உள்வலையமைப்பிலிருந்து எழும் பிங் அழைப்பும் தீச்சுவரும்

வெளியிலிருந்து வரும் பகையைத் தடுப்பதற்கென்றே தீச்சுவர் எழுந்தது என்பது பொதுவான எண்ணம். அங்ஙனமாயின், உள்ளே இருக்கும் கணினி விடுக்கும் சிறு வினாவொன்றை அது ஏன் தடுத்தல் வேண்டும்? 1995 ஆம் ஆண்டளவில் பல்கலைக்கழகங்களை இணைத்த லேர்ண் போன்ற வலையமைப்புக்களை நடத்தியோர்க்கே உரியதாயிருந்த இக்கேள்வி, இன்று வெள்ளவத்தையின் தனியார் கல்வி நிலையங்களிலும் கொட்டாஞ்சேனைப் பாடசாலைகளின் கணினிக்கூடங்களிலும் எழுகின்றது. ஆதலின் அதனைச் சிறிது விரித்து நோக்குதல் தகும்.

பிங் என்பது யாது? படலையில் நின்று ஒருவர் "வீட்டுக்காரர்!" என்று கூப்பிட, உள்ளிருந்து "ஓம்" என்று குரல் வருகின்றதன்றோ? அதுபோல ஒரு கணினி மற்றொன்றுக்கு ஒரு சிறு பொதியை அனுப்பி, அது விழித்திருக்கின்றதா என்று அறிகின்றது. 1981 செப்டெம்பரில் யோன் பொஸ்ரெல் எழுதி வெளியிட்ட ஐ.சி.எம்.பி. என்னும் நெறிமுறையில், இக்கூப்பாட்டுக்கு 8 என்பதும் மறுமொழிக்கு 0 என்பதும் வகையெண்களாகக் குறிக்கப்பட்டன. 1983 டிசெம்பரில், ஐக்கிய அமெரிக்கத் தரைப்படையின் எறியியல் ஆராய்ச்சிக்கூடத்திற் பணியாற்றிய மைக் மூஸ் என்பார், வலையமைப்பொன்றின் கோளாற்றைக் கண்டறிதற்பொருட்டு இதனை ஒரு நிரலாக எழுதினார். கடலடியில் நீர்மூழ்கியைத் தேடும் கருவியின் ஓசையே அதற்குப் பெயராயிற்று. எனவே பிங் பிறந்தது கோளாறு காண்பதற்கே, இதனை மறந்துவிடலாகாது.

இத்துணை எளிய கருவிமேல் ஐயம் எழுந்தமைக்குக் காரணம் உண்டு. 2003 ஓகஸ்ட் மாதத்தில் பிளாஸ்டர் என்னும் புழுநிரல் விண்டோஸ் கணினிகளைத் தாக்கியது. ஒரு வாரத்தின் பின், 18 ஆந் திகதியளவில், வெல்சியா என்னும் மற்றொரு புழு புறப்பட்டது. இதற்கு நாச்சி என்றும் ஒரு பெயருண்டு. பெயரைக் கேட்டு நம்மவர் மயங்க வேண்டா! பிளாஸ்டரை அழிப்பதும், மைக்ரோசொப்ட் வெளியிட்ட திருத்தத்தை இறக்கி நிறுவுவதும், 2004 பிறந்ததும் தன்னைத்தானே நீக்கிக்கொள்வதும் இதன் நோக்கங்களாயிருந்தன. ஆயினும், அடுத்த கணினியைத் தேடுதற்கு அது முகவரி முகவரியாகப் பிங் செய்துகொண்டே சென்றது. புழு புகுந்த ஒவ்வொரு கணினியும் இவ்வாறு கூப்பாடு போட, உள்வலையமைப்புக்கள் மூச்சுத் திணறின. எயார் கனடா நிறுவனத்தின் பயணப் பதிவுப் பணிகளும் தடைப்பட்டன. அப்புழுவின் பிங் பொதிகள் 92 பைட்டு நீளமுடையனவாயிருந்தமையால், அந்நீளமுள்ளவற்றை மட்டுந் தடுக்கும் வழி வகுக்கப்பட்டது. உபகாரியும் வெள்ளமாய் வந்தால் அணை போடவேண்டியதாயிற்று.

இனி, தடுக்கும் முறையை நோக்குவாம். பலர் தடுமாறுவது இங்கேதான். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றின் முகப்பில் ஒரு காவலாளி நிற்கின்றான் எனக் கொள்வோம். ஒழுங்கைக்குள் வேலியருகே நின்று அயலவர் இருவர் பேசுவதை அவன் தடுத்தல் இயலாது. அப்பேச்சு அவனிடம் வருவதேயில்லை. அவ்வாறே, ஓர் ஆளியில் இணைந்து ஒரே வலையமைப்பிலுள்ள இரு கணினிகள் ஒன்றையொன்று பிங் செய்யும்போது, அப்பொதி வாயிலிலுள்ள தீச்சுவரைத் தொடுவதில்லை. அதைத் தடுக்க விரும்புவோர் ஒவ்வொரு கணினியிலும் உள்ள தீச்சுவரையே நாடவேண்டும். 2004 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாஞ் சேவைத்தொகுதி முதல் அத்தகைய தீச்சுவர் தானாகவே இயங்குகின்றது.

தீச்சுவரிடம் வருவன இரண்டே. ஒன்று, காவலாளியையே விளித்துக் கூப்பிடும் பிங்; மற்றொன்று, அவனைக் கடந்து வெளியுலகு செல்லும் பிங். லினக்ஸ் தீச்சுவரில் முன்னதற்கு இன்புட் என்றும் பின்னதற்குப் போர்வேட் என்றும் வெவ்வேறு விதிப்பட்டியல்கள் உள. முன்னதில் விதி எழுதிவிட்டு, மாணவர் இன்னும் வெளித்தளங்களைப் பிங் செய்கின்றனரே என வியப்பதிற் பொருளில்லை.

இவ்விரண்டனுள் வெளிச்செல்வதைத் தடுத்தற்கே நியாயம் மிகுதி என்பது என் கருத்து. பிங் பொதியினுள் வேறு தரவுகளை ஒளித்துக் கடத்தலாம் என்பதை 1996 இல் லோக்கி என்னும் நிரல் செய்து காட்டியது. தீச்சுவரை நோக்கிய பிங்கைத் தடுப்பதால் வரும் பயனோ சிறிது. அதன் முகவரி உள்ளிருக்கும் கணினிகளுக்கு முன்னரே தெரியும். அதன் வழியாகத்தானே அவை வெளியே செல்கின்றன! மாறாக, இணையம் நின்றுபோன வேளையில் கோளாறு கூடத்தினுள்ளேயா, வழங்குநரிடமா என்று அறிதற்கு ஆசிரியர் முதலிற் செய்வது வாயிலைப் பிங் செய்தலே. அவ்வாயில் ஊமையாயின், வகுப்பு முழுதும் காத்திருக்க, அவர் வடங்களை ஒவ்வொன்றாய்க் கழற்றி மாட்டவேண்டியதுதான்.

பிங்கைத் தடுக்கும் வேகத்தில் ஐ.சி.எம்.பி. முழுவதையும் அடைத்துவிடுவோர் பெருந்தவறு செய்கின்றனர். "பொதி பெரிது, சிறிதாக்கி அனுப்புக" என்னும் அறிவித்தல் மூன்றாம் வகை, நான்காங் குறியீடாக அந்நெறிமுறையிலேயே வருகின்றது. அஃது அடைபட்டால், சிறு பக்கங்கள் திறக்கப் பெரியவை இடைநடுவில் நின்றுவிடலாம். காரணமோ எளிதிற் புலப்படாது. ஆறாம் பதிப்பு இணைய நெறிமுறையில், அயற்கணினியை அறிதலே ஐ.சி.எம்.பி.யின் வழி நடைபெறுவதால், ஆங்கு முழுத்தடை வலையமைப்பையே நிறுத்திவிடும்.

ஆதலின், எட்டாம் வகையை மட்டும் பெயர் குறித்துத் தடுத்து, பொறுப்பாசிரியரின் கணினி முகவரிக்கு விலக்களித்தல் பொருந்தும். முற்றாகத் தடுக்க மனமில்லாதவர், விநாடிக்கு இத்தனை என அளவு விதிக்கலாம். வெல்சியா போன்ற வெள்ளத்துக்கு அதுவே தக்க மடை. விதிகளைத் தீச்சுவர் மேலிருந்து கீழாகப் படித்து, முதலிற் பொருந்துவதையே கைக்கொள்ளும் என்பதையும் கருதவேண்டும். விலக்கு விதி தடைவிதிக்கு மேலே இருத்தல் வேண்டும்; கீழே எழுதப்பட்டால் ஆசிரியரின் கணினிக்கும் மறுமொழி வாராது.