நூல் வளர்த்த நகரம்

தமிழில் ‘நூல்’ என்னும் சொல் இரு பொருள் தரும். தறியில் ஓடும் இழையும் நூல். கையில் ஏந்திக் கற்கும் ஏடும் நூல். இவ்விரு நூல்களாலும் புகழ்பெற்ற நகரம் காஞ்சிபுரம். உலகக் குடிமை, பண்பாட்டுப் பன்மை என்று இன்று பேசப்படும் கருத்துகளை அயல்நாட்டு வரலாற்றில் மட்டுமே தேட வேண்டியதில்லை. அவை வென்ற இடங்களையும் தோற்ற இடங்களையும் இந்நகரின் வரலாற்றிலேயே காணலாம்.

கற்க வந்தோரும் கற்பிக்கச் சென்றோரும்

கி.பி. 6ஆம் நூற்றாண்டில் காஞ்சியில் பிறந்த தருமபாலர் வடக்கே சென்று, நாளந்தாப் பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கினார். வங்கப் பகுதியிலிருந்து வந்த சீலபத்திரர் அவரிடம் பயின்று, பின்னாளில் அதே பொறுப்பை ஏற்றார். 7ஆம் நூற்றாண்டில் சீன நாட்டிலிருந்து வந்த யுவான் சுவாங், முதியவரான சீலபத்திரரிடம் பாடம் கேட்டார். தமிழகத்தவர் ஒருவரின் அறிவு, வங்கத்தவர் ஒருவர் வழியாகச் சீனத்தவர் ஒருவரைச் சென்றடைந்தது. அங்கு எவரும் தம் தாய்மொழியைக் கைவிடவில்லை. பிறமொழியைக் கற்கவும் தயங்கவில்லை.

யுவான் சுவாங்கின் பயணக் குறிப்பு, காஞ்சியைத் தருமபாலர் பிறந்த ஊராகவே அறிமுகம் செய்கிறது. அங்கு நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும், ஏறத்தாழ 10,000 துறவியரும், 80 அளவிலான பிற தெய்வக் கோயில்களும் இருந்தன என்றும், சமணரும் பலர் வாழ்ந்தனர் என்றும் அது கூறுகிறது. அந்நகர மக்கள் கல்வியைப் பெரிதும் மதித்தனர் என்பதும் அதில் உள்ள செய்தி. கயிலாசநாதர் கோயிலும், திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலும் அப்பன்மைக்குச் சான்றாக இன்றும் நிற்கின்றன. மணிமேகலைக் காப்பியத்தின் தலைவியும் இந்நகருக்கு வருகிறாள். அமுதசுரபியால் பசித்தோர்க்கு உணவளித்த பின்னரே அவள் அறவண அடிகளிடம் அறவுரை கேட்கிறாள்.

மதிக்கப்படாத மாணவர்

எனினும், காஞ்சி எல்லா மாணவரையும் ஒன்றுபோல் நடத்தியது என்று கூற இயலாது. கருநாடக மாநிலத்தின் தாளகுண்டாவில் உள்ள கல்வெட்டு ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்கிறது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்னும் இளைஞர், தம் ஆசிரியர் வீரசர்மனுடன் காஞ்சியின் கடிகைக்குக் கல்வி கற்க வந்தார். கடிகை என்பது அக்கால உயர்கல்வி நிலையம். அங்கிருந்த காலத்தில் பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு அவருக்குக் கடும் பூசல் மூண்டது. தாம் இழிவுபடுத்தப்பட்டதாக உணர்ந்த அவர் ஏட்டை விட்டு வாளை ஏந்தினார். பல்லவரின் எல்லைக் காவலரை வென்று, பின்னர்க் கடம்பர் அரசையே தோற்றுவித்தார்.

கடிகையில் நூல்களுக்குக் குறைவில்லை, ஆசிரியர்க்கும் குறைவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒரு மாணவரிடம் காட்ட வேண்டிய மதிப்பே குறைந்தது. ஒரு கல்விக்கூடத்தின் பெருமை அதன் சுவருக்குள் நடக்கும் பாடத்தால் மட்டும் அமைவதன்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

தறி கற்பிக்கும் பாடம்

காஞ்சிப் பட்டு ஓர் ஊரின் பெயரைத் தாங்கினாலும் பல ஊர்களின் உழைப்பால் உருவாவது. பட்டிழை பெரும்பாலும் கருநாடகத்திலிருந்தும், சரிகை குசராத்தின் சூரத்திலிருந்தும் வருகின்றன. தமிழ் பேசுவோரும் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோரும் அதனை நெய்கின்றனர். 2005-06ஆம் ஆண்டில் இப்பட்டு புவிசார் குறியீடு பெற்றது.

இங்குள்ள சிறப்பான நெசவுமுறை ‘கோர்வை’ எனப்படும். சேலையின் உடல் ஒரு நிறம். இரு கரைகளும் வேறு நிறம். மூன்று நாடாக்களைக் கொண்டு, உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கவ்வுமாறு நெய்வர். நிறங்கள் கலந்து மங்குவதில்லை, பிரிந்தும் போவதில்லை.

இம்முறைக்கு நெசவாளரோடு துணையாள் ஒருவரும் தேவை. பள்ளிக்குச் செல்ல வேண்டிய சிறுவர் பலர் நெடுங்காலம் அத்துணையாளராக உழைத்தனர். பெற்றோர் வாங்கிய முன்பணம் அவர்களைத் தறியோடு கட்டிவைத்தது. உலகம் போற்றிய சேலையில், எழுத்தறியாத பிஞ்சு விரல்களின் உழைப்பும் இருந்தது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 6 முதல் 14 வயது வரையுள்ளோர்க்குக் கல்வியை உரிமையாக்கி 2010ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டமும் இந்நிலையை மாற்ற இயற்றப்பட்டவை. கல்வி கிடைத்தால் தறிவீட்டுப் பிள்ளை எட்டக்கூடிய உயரத்தையும் இந்நகரமே காட்டியுள்ளது. 1909ஆம் ஆண்டு இங்கு நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, தமிழக முதலமைச்சராக இருந்தபோது 1968ஆம் ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்றுச் சென்று மாணவரிடையே உரையாடினார்.

இன்றைய வகுப்பறை

ஐக்கிய நாடுகள் அவை 2015ஆம் ஆண்டு வகுத்த நிலையான வளர்ச்சி இலக்குகளுள் நான்காவது, கல்வி பற்றியது. உலகக் குடிமை உணர்வையும் பண்பாட்டுப் பன்மையை மதிக்கும் பண்பையும் 2030ஆம் ஆண்டிற்குள் கற்போர் அனைவரும் பெற வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. இதை நிறைவேற்றும் இடம் மாநாட்டு அரங்கம் அன்று. நாம் அமர்ந்திருக்கும் வகுப்பறையே.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் உள்ள தொழிற்சாலைகளை நாடி, ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் வருகின்றனர். அவர்தம் பிள்ளைகளுக்குத் தமிழ் புதிது. உணவும் விளையாட்டும் புதியன. அப்பிள்ளை ஒரு சொல்லைத் தவறாக ஒலிக்கும்போது வகுப்பு சிரிக்கலாம். அல்லது அருகில் அமர்ந்திருப்பவர் அச்சொல்லைத் திருத்திச் சொல்லி, அவர் மொழியில் அதற்குரிய சொல்லைக் கேட்டறியலாம். முன்னது மயூரசர்மனுக்கு நேர்ந்ததை நினைவூட்டும். பின்னது தருமபாலரையும் சீலபத்திரரையும் யுவான் சுவாங்கையும் இணைத்த வழி.

உலகக் குடிமகனாவதற்குக் கடல் கடக்க வேண்டும் என்பதில்லை. நம் பக்கத்தில் ஓர் இடம் ஒதுக்கி, புதிதாய் வந்தவரை அமரச் செய்வதிலிருந்தே அது தொடங்குகிறது.