மேற்றிசைக் கதைக்கு ஒரு மறுதலை

கௌபோய்ப் படங்கள் என வழங்கும் அமெரிக்க மேற்றிசைத் திரைக்கதைகள் பல ஓர் எளிய கோட்பாட்டின்மீது எழுந்தவை. வெள்ளையர் மேற்கே செல்வது நாகரிகத்தின் பரவல். துப்பாக்கி நீதியின் கருவி. எதிர்ப்படும் பழங்குடியினன் பெயரற்ற பகைவன் என்பதே அது. ஜிம் ஜார்முஷ் எழுதி நெறிப்படுத்திய 'டெட் மேன்' (1995) என்னும் கறுப்பு வெள்ளைப் படம் இம்மூன்றையும் தலைகீழாக்கியது.

கிளீவ்லாந்து நகரத்துக் கணக்கன் ஒருவன் வேலையை நம்பிப் புகையிரதமேறி, மெஷின் என்னும் எல்லைப்புற ஊரை அடைகின்றான். வேலை கிட்டவில்லை, மார்பிற் குண்டே பாய்கின்றது. அவன் பெயர் வில்லியம் பிளேக். காட்டில் அவனைப் பேணும் பழங்குடியினன் தன்னை 'நோபொடி', அதாவது 'யாருமல்லன்', என்கின்றான். இளமையிற் சிறைப்பட்டு, இங்கிலாந்திற் காட்சிப்பொருளாக்கப்பட்ட அவன், ஆங்குப் பள்ளியிற் பயின்று, பிளேக் என்னும் ஆங்கிலக் கவிஞரின் பாக்களில் தோய்ந்தவன். ஆதலின் கணக்கனை அக்கவிஞராகவே கொள்கின்றான். கணக்கனோ அக்கவிஞரை அறியான். கற்றவன் யார், கல்லாதவன் யார் என்னும் வினா ஈண்டு எழுகின்றது.

பழங்குடியினர் தம் மொழிகளிற் பேசுமிடத்து, பொருள் விளக்கும் எழுத்துக்கள் திரையில் தோன்றுவதில்லை. அம்மொழிகளை அறியாத பார்வையாளரே இங்குப் புறத்தே நிற்கின்றனர். கொலைகளிலும் வீரமில்லை, தடுமாற்றமும் அவலமுமே உள. நீல் யங்கின் கிற்றார் இசை அவ்வவலத்தை மிகுவிக்கின்றது.

முடிவிற் கணக்கன் வெற்றியுடன் மீள்வதில்லை. தோணியிற் கிடத்தப்பட்டுக் கடலினுட் செலுத்தப்படுகின்றான். பழைய படங்கள் பெயரின்றி ஒதுக்கியவன், 'யாருமல்லன்' என்னும் பெயருடனேயே இக்கதையின் ஆசானாகின்றான்.