விபத்தும் பொலிஸ் அறிக்கையும்

வீதி விபத்தொன்றின்பின் பொலிஸார் எழுதும் அறிக்கையைத் தீர்ப்பென்றே கருதி மருள்வோர் பலர். அது தீர்ப்பன்று. வாகனங்கள் நின்ற நிலை, வீதியின் அகலம், சக்கரத் தடம் ஆகியவற்றை அளந்து குறித்தவை ஒரு பகுதி. சாரதிகளும் கண்டோரும் அளித்த வாக்குமூலங்கள் மற்றொரு பகுதி. முன்னது அதிகாரி கண்டது. பின்னது அவர் கேட்டது. இவ்விரண்டையும் பிரித்தறிந்தே அறிக்கையை வாசித்தல் வேண்டும். குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றமே தீர்மானிக்கும்.

இலங்கையில் வாக்குமூலம் அளிப்போருக்கு முக்கியமான உரிமையொன்று உண்டு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவின்படி, எழுதியதை அவருக்குக் காட்டவோ வாசித்துக் காட்டவோ வேண்டும். அம்மொழி அவருக்கு விளங்காதாயின், விளங்கும் மொழியிற் பெயர்த்துரைத்தல் வேண்டும். அவர் விளக்கங் கூறலாம், விடுபட்டதைச் சேர்க்கலாம். பின்னரே கடைசி வரியின் கீழ் ஒப்பமிடுதல் முறை.

இடப்பக்கத்தில் வந்ததாகத் தமிழிற் சொன்ன சாரதியின் கூற்று, சிங்களத்தில் எழுதப்படுகையில் வலப்பக்கமென மாறிவிட்டதாகக் கொள்வோம். கேளாமல் ஒப்பமிட்டால், பின்னர் மன்றில் அவர் உண்மை கூறும்போது, முன்னர் வேறுவிதமாகச் சொன்னார் என்று காட்ட அவ்வரியே போதும். ஆகவே நேயர்கள் விளங்காத எழுத்தின் கீழ் அவசரப்பட்டு ஒப்பமிடாது, முதலில் அதன் பொருளைக் கேட்டறிதல் நன்று.