பால்மரமும் பனித்தரையும்: வீட்டிற்குள் ஓர் உலகப் போட்டி



விளையாட்டு என்றதும் திடலில் ஓடுவதும் பந்தை அடிப்பதுமே நம் நினைவுக்கு வருகின்றன. விளையாட்டைக் கூர்ந்து கவனித்துப் பின்தொடர்வதும் ஒரு நல்ல பொழுதுபோக்கே ஆகும். குளிர் நாடுகளில் ஒரே வீட்டில் வாழ்வோர் ஆளுக்கோர் ஹாக்கி அணியைத் தமக்குரியதாகக் கொண்டு, அதன் வெற்றி தோல்விகளைக் குறித்துவைத்து, ஆண்டு முழுவதும் தமக்குள் நட்புடன் போட்டியிடுவதுண்டு. அவ்வழக்கத்தை நம் இல்லங்களிலும் நடத்தலாம். அதனால் விளையும் நன்மை யாது, தவிர்க்க வேண்டிய தீமை யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பனி ஹாக்கியும் பால்மரமும்

பனி ஹாக்கி நமக்குத் தொடர்பற்ற ஆட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். உறைந்த பனித்தரையின் மீது, எஃகு அலகு பொருத்திய காலணியுடன் வீரர்கள் சறுக்கி ஓடி இதனை ஆடுகின்றனர். இதில் உருண்டைப் பந்து இல்லை. 'பக்' என்னும் கரிய வட்டு ஒன்றே உண்டு. அதன் விட்டம் 3 அங்குலம். தடிப்பு 1 அங்குலம். எடை 156 முதல் 170 கிராம் வரை. அவ்வட்டு எதனால் ஆனது தெரியுமா? ரப்பரால் ஆனது!

மரத்திலிருந்து வடியும் பாலில் கிடைக்கும் ரப்பர் வெப்பத்தில் இளகும், குளிரில் விறைத்துப்போகும். அதனுடன் கந்தகம் கலந்து சூடேற்றினால் அது உறுதி பெறுகின்றது. சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் இம்முறைக்கு 1844ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இவ்வாறு பதப்படுத்திய ரப்பரே வட்டாகிறது. ரப்பருக்குத் துள்ளும் இயல்பு உண்டல்லவா? ஆகவே, ஆட்டத்திற்கு முன் வட்டைக் குளிரில் உறைய வைப்பர். அப்போது துள்ளல் குறைந்து, அது பனித்தரையில் வழுக்கிச் செல்லும்.

நம் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் 1877இல் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று முதுமரமாக நின்று அவ்வரலாற்றை நமக்கு நினைவூட்டுகின்றது. இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. எனினும், விடியுமுன் எழுந்து பால் வெட்டிய நம் முன்னோரின் கைகள், தாம் காணாத குளிர் நாடுகளின் தொழிலுக்கும் விளையாட்டுக்கும் பொருள் தந்தன என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

இருவகை ஹாக்கி

நாம் அறிந்த திடல் ஹாக்கியில் பக்கத்திற்குப் பதினொருவர் ஆடுவர். ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக நடைபெறும். பனி ஹாக்கியில் இலக்குக் காவலர் உட்பட அறுவர் மட்டுமே ஒரு நேரத்தில் களத்தில் இருப்பர். ஆட்டம் 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாகும். அதன் வேகம் மிகுதி. ஆதலால், வீரர்கள் ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்கு ஒருமுறை வெளியேற, வேறு வீரர்கள் உள்ளே வருவர்.

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் 1917இல் தொடங்கியது. அதில் வழங்கப்படும் ஸ்டான்லி கிண்ணம் அதனினும் பழமையானது. 1893 முதல் வழங்கப்பட்டு வருவது. நம் தமிழர் பலர் குடியேறியுள்ள டொரொன்டோ நகரின் அணி, 1967இல் அக்கிண்ணத்தை வென்ற பின் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் காத்திருந்தது. ஆயினும், அதன் ஆதரவாளர்கள் அதனைக் கைவிடவில்லை. பொறுமைக்கு இதைவிட நல்ல பாடம் வேறு உண்டோ?

வெப்ப நாடுகளும் இவ்வாட்டத்தில் இறங்கியுள்ளன. 2017இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் பனி ஹாக்கி முதன்முறையாக இடம்பெற்றது. பிலிப்பீன்ஸ் தங்கம் வென்றது. லடாக் மலைப்பகுதிப் பெண்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட இந்திய அணி, 2025இல் பெண்களுக்கான ஆசியக் கிண்ணப் போட்டியில் வெண்கலம் பெற்றது.

ஈப்போவுக்கு வரும் உலகம்

பனித்தரை தொலைவில் இருந்தாலும் உலக ஹாக்கி நம் வாசலுக்கே வருகின்றது. சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணப் போட்டி 1983இல் தொடங்கியது. ஈப்போ நகரில் பலமுறை நடைபெற்றுள்ளது. 2018 வரை ஆஸ்திரேலியா அதனைப் பத்து முறை வென்றிருந்தது. 2010இல் இறுதியாட்டத்தைப் பெருமழை தடுத்தமையால், இந்தியாவும் தென் கொரியாவும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. 2022இல் மலேசியா தென் கொரியாவை 3–2 என வீழ்த்தி, முதன்முறையாக அக்கிண்ணத்தைக் கைப்பற்றியது.

வீட்டுப் போட்டியை நடத்தும் முறை

ஐவர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்: பாட்டி, அப்பா, அம்மா, அக்காள், தம்பி. 2024ஆம் ஆண்டின் அஸ்லான் ஷா போட்டியில் மலேசியாவுடன் ஜப்பான், பாகிஸ்தான், நியூசிலாந்து, தென் கொரியா, கனடா ஆகிய ஐந்து நாடுகள் ஆடின. மலேசியா நம் தாய்நாடு. அது வீட்டார் அனைவருக்கும் பொது. ஏனைய ஐந்தின் பெயர்களையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஆளுக்கொன்றாக எடுக்க வேண்டும். விருப்பம்போல் தேர்ந்தெடுக்கவிட்டால் வலிமையான அணிக்கு எல்லாரும் சண்டையிடுவர். சீட்டு எவருக்கும் சார்பு காட்டாது.

வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி எனச் சுவரில் ஓர் அட்டவணை வரைந்து நாள்தோறும் நிரப்ப வேண்டும். ஆறு அணிகள் ஒவ்வொன்றும் மற்ற ஐந்துடன் மோதினால் மொத்தம் எத்தனை ஆட்டங்கள்? ஆறை ஐந்தால் பெருக்கினால் முப்பது. ஒவ்வோர் ஆட்டமும் இருமுறை எண்ணப்பட்டமையால் அதில் பாதி, அதாவது 15. கணக்குப் பாடம் கசக்கிறது என்னும் பிள்ளையும் இக்கணக்கை விரும்பிச் செய்வான்.

அவ்வாண்டில் இறுதியாட்டம் 2–2 எனச் சமநிலையில் முடிந்தது. பின்னர்த் தனிவீரர் கோல் முயற்சிகளில் ஜப்பான் பாகிஸ்தானை 4–1 என வென்று, முதன்முறையாகக் கிண்ணத்தைப் பெற்றது. அதுவரை ஒருமுறையும் வெல்லாத அணி எனச் சலித்துக்கொண்டு ஜப்பான் சீட்டை ஒருவர் பிரித்திருந்தால், முடிவில் அவரே வீட்டின் வெற்றியாளர் ஆகியிருப்பார்!

இன்னொரு விதியும் தேவை. தம் அணி ஆடும் நாளன்று, அந்நாட்டைப் பற்றிய மூன்று செய்திகளை இரவு உணவின்போது ஒவ்வொருவரும் கூற வேண்டும். படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பேரன் படித்துச் சொல்லலாம். பாட்டியோ அதற்கீடாகத் தம் இளமைக் காலத் தோட்டத்தைப் பற்றிச் சொல்லலாம். இவ்விதியே போட்டியின் உயிர் என்பேன்.

பனி ஹாக்கியைப் பின்தொடர்வோர் நேர வேறுபாட்டையும் கற்பர். குளிர்காலத்தில் டொரொன்டோவில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், நமக்கு மறுநாள் காலை 8 மணிக்குத் தொடங்குகின்றது. பூமி உருண்டை என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால், பள்ளி நாளில் கண்விழித்தோ வகுப்பைத் தவறவிட்டோ ஆட்டம் பார்த்தல் கூடாது. முடிவைப் பின்னர் அறிந்துகொள்வதே போதும்.

எவர் பக்கம் கைதட்டுவது?

1975இல் உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி கோலாலம்பூரில் நடைபெற்றது. ஸ்ரீ சண்முகநாதன் தலைமை தாங்கிய நம் மலேசிய அணி அரையிறுதிக்கு முன்னேறியது. அங்கே எதிர்நின்றது இந்தியா! கூடுதல் நேரம் வரை நீண்ட அவ்வாட்டத்தில் இந்தியா 3–2 என வென்று, பின்னர்ப் பாகிஸ்தானையும் 2–1 என வீழ்த்திக் கிண்ணம் பெற்றது. மலேசியா நான்காம் இடத்தைப் பெற்றது. அது பெருமைக்குரிய சாதனையே.

பாட்டன் பிறந்த மண் ஒருபுறம். பேரன் பிறந்த மண் மறுபுறம். இத்தகைய ஆட்டம் வந்தால் வீட்டிற்குள் மனவேற்றுமை தோன்றக்கூடும். தாத்தா தாம் பிறந்த நாட்டின் ஆட்டத்திறனைப் பாராட்டினால் அது குற்றமன்று. பேரன் தன் தாய்நாட்டிற்காகத் தொண்டை வறளக் கத்துவது அவன் கடமை. இருவரும் ஒரே பாயில் அமர்ந்து ஒரே ஆட்டத்தைக் கண்டு, முடிவில் ஒன்றாக உண்டு உறங்கச் செல்ல இயலுமாயின், அக்குடும்பம் பண்பட்ட குடும்பமாகும். எதிரணியின் நல்ல கோலுக்குக் கைதட்டத் தெரிந்த பிள்ளை, நாளை அயலாரின் நன்மையையும் மதிக்கத் தெரிந்தவனாவான்.

எச்சரிக்கை ஒன்று

இப்போட்டியில் ஒரு காசும் புழங்குதல் ஆகாது. விளையாட்டாக ஒரு வெள்ளி பந்தயம் கட்டியவர், மறுமுறை பத்து வெள்ளி கட்டுவார். பின்னர்ச் சம்பளநாளன்று வீட்டுக்கு வெறுங்கையுடன் வருவார். இக்கேட்டை உணர்த்தவே திருவள்ளுவர் 'சூது' என ஓர் அதிகாரம் வகுத்தார். பெற்றோர்களே, பிள்ளைகள் உங்கள் சொல்லைவிட உங்கள் செயலையே பார்க்கின்றனர். வென்றவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன சமைப்பது என்று தீர்மானிக்கும் உரிமையை அளியுங்கள். ஒரு வாரம் பாத்திரம் கழுவுவதிலிருந்து விலக்களியுங்கள். அப்பரிசுகளே போதும்.

லயங்களில் நெருங்கி வாழ்ந்த குடும்பங்கள் இன்று ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் எனப் பிரிந்து வாழ்கின்றன. வேலை தேடிச் சென்ற அண்ணனுக்கும் ஒரு சீட்டு எடுத்துவையுங்கள். "உன் அணி தோற்றுவிட்டது" என்று அவனைக் கேலி செய்யவாவது தங்கை வாரந்தோறும் தொலைபேசியில் அழைப்பாள். அவ்வழைப்பில் அவன் உண்டானா, உறங்கினானா என்பதும் தெரிந்துவிடும்.

ஆகவே, மாணவச் செல்வங்களே, அடுத்த போட்டி தொடங்குமுன் ஒரு தாளும் கோலும் எடுத்து அட்டவணை வரையுங்கள். அணிகளின் நாடுகளை உலக வரைபடத்தில் தேடுங்கள். வென்றால் அடக்கமும் தோற்றால் மலர்ந்த முகமும் காட்டுங்கள். ஆடிக் கற்பது ஒரு கல்வி. பிறர் ஆடக் கண்டு கற்பதும் ஒரு கல்வியே.