கிரான்பீல்டு கல்லூரியும் கட்டுப்பாட்டு இயலும்

விமானம் என்றதும் இறக்கையும் எஞ்சினும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. மூன்றாவதாக ஒன்று உண்டு. அஃது இல்லையேல் முன்னிரண்டும் பயன்தரா. அதுவே கட்டுப்பாடு. பறப்பது வேறு, எண்ணியபடி பறப்பது வேறு. இவ்விரண்டாவதை ஆராயும் இயல் மின்சாரப் பொறியியலோடு சேர்ந்து வளர்ந்த வரலாற்றிலே, இங்கிலாந்தின் பெட்போர்டுஷயரில் உள்ள கிரான்பீல்டு என்னும் சிற்றூருக்குத் தனியிடம் உண்டு.

இரண்டாம் உலகப் போர் முடியுந் தறுவாயில், விமானப் பொறியியலில் உயர்கல்வி அளிக்கத் தனிக் கல்லூரி ஒன்று வேண்டும் எனச் சர் ராய் பெடன் தலைமையில் அமைந்த குழு பரிந்துரைத்தது. அதன் பயனாக, 1946ஆம் ஆண்டில் கிரான்பீல்டு விமானப்படைத் தளத்தில் விமானவியல் கல்லூரி திறக்கப்பட்டது. ஓடுபாதை கல்லூரியின் பக்கத்திலேயே இருந்தது. ஆகவே, கரும்பலகையில் எழுதிய சமன்பாட்டை வானத்திலே சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அங்குப் பயின்றோர்க்குக் கிடைத்தது. இறக்கை, எஞ்சின் பற்றிய கல்வியோடு மின்சாரமும் கட்டுப்பாடும் அங்கே ஆராய்ச்சித் துறையாக வளர்ந்தன. அக்கல்லூரி 1969இல் தொழில்நுட்பக் கழகமாகவும் 1993இல் கிரான்பீல்டு பல்கலைக்கழகமாகவும் பெயர் மாறியது.

பின்னூட்டம் என்பது என்ன?

கட்டுப்பாடு என்னும் சொல்லைக் கேட்டதும் அடக்கி வைத்தல் என்றே நாம் பொருள் கொள்கிறோம். பொறியியலில் அதன் பொருள் அதுவன்று. ஓர் இயந்திரம் செய்ய வேண்டியதற்கும் செய்துகொண்டிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அளந்து, அவ்வேறுபாட்டைக் கொண்டே அதனைத் திருத்துவதுதான் கட்டுப்பாடு. விளைவைப் பற்றிய செய்தி தொடக்கத்துக்குத் திரும்பி வருவதால் இதனைப் பின்னூட்டம் என்கிறோம்.

1788இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எஞ்சினில் சுழலும் குண்டுகளைப் பொருத்தினார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். வேகம் தணிந்தால் குண்டுகள் சுருங்கி நீராவியைக் கூட்டும். ஆனால், இத்தகைய கருவிகள் சில வேளைகளில் எஞ்சினை நிலைநிறுத்துவதற்கு மாறாக, வேகத்தை ஏற்றியும் இறக்கியும் ஊசலாடச் செய்தன. இதன் காரணத்தை 1868இல் மாக்ஸ்வெல் கணித வழியில் ஆராய்ந்தார். தொலைபேசிக் கம்பிகளில் இதே தொல்லை எழுந்தபோது, 1932இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த நைக்விஸ்ட் அதற்கொரு விதி கண்டார். நீராவிக்கும் மின்சாரத்துக்கும் ஒரே நோய். எனவே மருந்தும் ஒன்றே என்பது தெளிவாயிற்று.

இந்நோயை ஓர் எளிய உவமையால் விளக்கலாம். சைக்கிள் பழகும் சிறுவன் வண்டி இடப்பக்கம் சாய்வதைக் காண்கிறான். காண்பதற்குள் சற்றுக் காலம் கழிந்துவிடுகிறது. அச்சத்தால் கைப்பிடியை வேண்டிய அளவுக்கு மேல் திருப்புகிறான். வண்டி வலப்பக்கம் சாய்கிறது. மறுபடியும் தாமதம், மறுபடியும் மிகைத் திருத்தம், முடிவில் விழுகிறான். அவன் திருத்தாமையால் விழவில்லை. காலந்தாழ்த்தி, அளவு மீறித் திருத்தியதாலேயே விழுந்தான்.

1951ஆம் ஆண்டு மாநாடு

போர்க்காலத்தில் பீரங்கி, ரேடார் ஆகியவற்றுக்காக இவ்வியல் பல நாடுகளில் மறைவாக வளர்ந்தது. போருக்குப்பின் அவ்வறிவைப் பொதுவில் வைத்து ஆராய, 1951 ஜூலையில் அறிஞர் பலர் கிரான்பீல்டில் கூடினர். அங்குப் படிக்கப்பட்ட கட்டுரைகளைப் பேராசிரியர் ஆர்னால்டு டஸ்டின் தொகுத்தார். ‘தானியங்கிக் கட்டுப்பாடும் கைவழிக் கட்டுப்பாடும்’ என்பது 1952இல் வெளிவந்த அத்தொகுப்பின் ஆங்கிலப் பெயருக்குப் பொருள்.

அப்பெயரிலேயே ஓர் உண்மை அடங்கியுள்ளது. இயந்திரத்தை மட்டும் ஆராய்ந்தால் போதாது. அதை இயக்கும் மனிதனும் அவ்வட்டத்தின் ஓர் உறுப்பே. டஸ்டின் பீரங்கியைக் குறிபார்த்துத் திருப்பும் வீரனின் கையசைவையே கணிதத்தால் ஆராய்ந்தவர். கண் கண்டு கை அசைய ஏறத்தாழக் கால் விநாடி செல்கிறது. விரைந்து பறக்கும் விமானத்தில் அக்கால் விநாடியே ஊசலாட்டத்துக்கு வித்தாகலாம்.

பல உருக்கொள்ளும் விமானம்

இவ்வுண்மையைச் சோதனை விமானிகளுக்குப் புத்தகத்தால் மட்டும் உணர்த்த முடியாது. தள்ளாடும் விமானத்தைக் கொடுத்துப் பழக்கலாம் என்றாலோ, உயிருக்கே ஆபத்து. இதற்குக் கிரான்பீல்டு பொறியியலார் கண்ட வழி மிகவும் நுட்பமானது. பாசெட் என்னும் சிறிய இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றை அவர்கள் மாற்றி அமைத்தனர். பயிலும் விமானியின் கைப்பிடி, இறக்கைத் தகடுகளோடு நேரே இணைக்கப்படவில்லை. அதன் அசைவு மின்குறியாக மாறிக் கணிப்பொறிக்குச் செல்லும்; அஃது இட்ட ஆணைப்படியே தகடுகள் அசையும். கணிப்பொறியின் அளவுகளை மாற்றினால், அதே விமானம் ஒரு வேளை கனத்த விமானம்போல் மந்தமாகவும், ஒரு வேளை நிலையற்றதாகவும் நடந்துகொள்ளும். நிலைமை மிஞ்சினால், பக்கத்தில் அமர்ந்த ஆசிரியர் தமது நேரடிக் கைப்பிடியால் விமானத்தை மீட்பார். 1970களிலிருந்து இவ்விமானம் எம்பயர் சோதனை விமானிகள் பள்ளியில் பல்லாண்டுகள் பாடம் நடத்தியது. 1980களில் ஹாக் என்னும் ஜெட் விமானம் ஒன்றும் கிரான்பீல்டில் அவ்வாறே மாற்றி அமைக்கப்பட்டது.

மாணவன் தவறும் வரை விடவேண்டும். ஆனால் விழ விடலாகாது. பாசெட் விமானத்தின் அமைப்பு முழுவதும் இவ்விரு நோக்கங்களையும் இணைக்கும் முயற்சியே. ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மாணவன் எழுதிய கட்டுரை ஒரு மாதம் கழித்துத் திருத்தப்பட்டுக் கைக்கு வருமாயின், அவன் பிழையையும் மறந்திருப்பான், பொருளையும் மறந்திருப்பான். ஒரு சிறு பிழைக்குப் பெருந்தண்டனை அளித்தால், அவன் மறுபக்கம் சாய்ந்து எழுதவே அஞ்சுவான். திருத்தம் காலத்தோடும் அளவோடும் வரவேண்டும் என்பது வானத்துக்கு மட்டும் உரிய விதியன்று.