வண்டி வீட்டுக்கு ஒரு கூரை விசிறி

காற்றின் அருமை காற்று இல்லாத இடத்திலேதான் விளங்கும். மாட்டு வண்டிக்குக் கூண்டு கட்டி, வைக்கோல் பரப்பி, அதன்மேல் சமுக்காளம் விரித்து, குடும்பத்தோடு திருவிழாவுக்குச் சென்றவர்கள் நம் முன்னோர். அக்கூண்டு முன்னும் பின்னும் திறந்திருந்தது. ஒரு வாயிலில் நுழைந்த காற்று மறு வாயிலில் வெளியேறிற்று. ஆதலின் உள்ளே பத்துப்பேர் நெருங்கிப் படுத்தாலும் ஒருவர்க்கும் மூச்சு முட்டவில்லை. இன்று மோட்டார் வண்டியையே வீடாக்கிக் கொள்ள முனைவோர், அக்கூண்டு வண்டி கற்பிக்கும் இந்த முதற்பாடத்தை மறந்துவிடலாகாது.

நாகபுரியில் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றில் இவ்வாசை அண்மைக் காலமாக வளர்ந்து வருகிறது. காரணம் தெளிவு. தேசிய நெடுஞ்சாலை 44 நாகபுரியைத் தொட்டு, ஐதராபாத், கர்நூல், பெங்களூர் வழியே சேலம், மதுரை, திருநெல்வேலி எனக் கன்னியாகுமரி வரை செல்கிறது. கோடை விடுமுறையில் இரயிலில் இடம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் முதியோர்க்குக் கீழ்ப்படுக்கை வாய்ப்பது அதனினும் அரிது. பழைய வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, படுக்கையும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்து, மூன்று நான்கு நாள் நிதானமாக ஊர் போய்ச் சேரலாமே என்று எண்ணுகின்றனர். எண்ணம் நன்று. ஆனால் படுக்கைக்கு மெத்தை எது, திரைக்கு நிறம் எது என்று ஆராய்வோர், உள்ளிருக்கும் காற்று எவ்வழியே வெளியேறும் என்று வினவுவதில்லை.

நம் அன்பர் ஒருவர் வீட்டில் இவ்வினாவை எழுப்பியவர் எழுபத்தெட்டு வயதான அவருடைய தாயார். நெல்லைச் சீமையிலிருந்து வந்து ஐம்பதாண்டுகள் கடந்தும் ஊர்ப்பேச்சு மாறாதவர். இளைப்பு நோயும் உடையவர். பட்டறையிலிருந்து வந்த வண்டியின் உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு, “மூடின பானைக்குள்ள என்னைப் படுக்கச் சொல்லுதான், பாத்தீங்களா ஐயா?” என்று நம்மிடம் முறையிட்டார். மகனுக்குச் சினம் வந்தது. நமக்கோ அம்மையார் கூறியதே சரியெனப் பட்டது. நாம் இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணியாற்றுவோரேயன்றிப் பொறியியல் பயின்றோர் அல்லோம். எனினும், அன்பரும் நாமும் கூடி ஆராய்ந்து தெளிந்தவற்றை, இதே முயற்சியில் இறங்கும் பிற குடும்பங்களுக்குப் பயன்படும் என்று ஈண்டு எழுதுகிறோம்.

விசிறி செய்வதும் செய்யாததும்

வெயிலில் நிற்கும் இரும்பு வண்டியின் கூரை அடுப்பின்மேல் வைத்த தோசைக்கல்லை ஒக்கும். அதன் அடியில் சூடேறிய காற்று மேலேயே தங்கும். கூரையில் வாயில் அமைத்து விசிறியால் வெளியே தள்ளினால், அச்சூடு நீங்கும். அவ்விடத்தை நிரப்பச் சாளரங்கள் வழியே வெளிக்காற்று உள்ளே வரும். கூரை விசிறியின் தொழில் இதுவே. அது குளிரூட்டும் பொறி அன்று. வெளியே 45 பாகை வெப்பம் இருக்கையில் உள்ளே அதனினும் குறைந்த வெப்பத்தைத் தர அதனால் இயலாது. வெப்பம் 40 பாகைக்கு மேற்பட்டால் விசிறிக் காற்றை நம்பியிருத்தல் தகாது என்று உலக சுகாதார அமைப்பே எச்சரிக்கிறது. ஆகவே மே மாத நண்பகலில் முதியோரை வண்டிக்குள் இருத்தி, விசிறி சுழல்கிறது என்று அமைதி கொள்ளுதல் பெரும்பிழை. மர நிழலோ சத்திரமோ நாடுவதே அறிவுடைமை. மாலை சாய்ந்து வெளிக்காற்று தணிந்த பின்னரே கூரை விசிறியின் பெருமை வெளிப்படும்.

நாகபுரிக் குடும்பங்களுக்கு நன்கு பழகிய கூலரை வண்டியில் வைக்க எண்ணுவோர்க்கும் ஒரு சொல். கூலர் தரும் காற்று ஈரம் மிக்கது. அவ்வீரக் காற்று வெளியேற வழியின்றேல் சற்று நேரத்தில் புழுக்கமே மிஞ்சும். வீட்டில் கூலர் ஓடும்போது எதிர்ச் சாளரத்தைத் திறந்து வைக்கிறோம் அல்லவா? வண்டியில் அச்சாளரத்தின் வேலையைக் கூரை விசிறி செய்யும்.

மூன்று வகை

கூரையில் அமைக்கத் தக்கவை மூவகைப்படும். முதலாவது, விசிறியற்ற காற்றுப்போக்கி. சாதாரண இரயில் பெட்டிகளின் கூரையிலும் இவ்வினத்தைக் காணலாம். வண்டி ஓடும்போது நன்கு பயன்படும். நின்றுவிட்டால் அதன் ஆற்றல் மிகக் குறையும். நமக்கோ வண்டி நின்று, எல்லோரும் உறங்கும் வேளையில்தான் காற்று வேண்டும்.

இரண்டாவது, தொழிற்சாலைக் கூரைகளில் வெள்ளிக்குடம் போலச் சுழலுமே, அந்தக் காற்றுச் சுழலி. மின்சாரம் வேண்டா என்பது அதன் சிறப்பு. ஆனால் காற்றசையாத இரவில் அதுவும் அசையாது; மேலும் வண்டியின் உயரத்தைக் கூட்டித் தாழ்ந்த மரக்கிளைகளில் மோதும்.

மூன்றாவது, 12 வோல்ட் மின்கலத்தில் இயங்கும், மூடியுடன் கூடிய விசிறி. அமெரிக்க நாட்டுப் பயண வண்டிகளுக்கென்றே செய்யப்படுவது இது. மேக்ஸ்ஃபேன், ஃபேன்டாஸ்டிக் வென்ட் என்னும் பெயர்கள் அங்கே புகழ் பெற்றவை. விலை மிகுதிதான், எனினும் நம் நோக்கத்துக்கு உரியது இதுவே.

பட்டறைக்காரர் அன்பருக்குப் பரிந்துரைத்தது இம்மூன்றில் ஒன்றும் அன்று. சமையலறைச் சுவரில் வைக்கும் 230 வோல்ட் எக்ஸாஸ்ட் விசிறியைக் கூரையில் படுக்கவைத்து, அதை இன்வெர்ட்டரால் ஓட்டலாம் என்றார். விலை குறைவு என்பது மெய். ஆயினும் அவ்விசிறி சுவரில் நிமிர்ந்து நிற்கச் செய்யப்பட்டது. மேலிருந்து விழும் மழையைத் தாங்கச் செய்யப்பட்டதன்று. இன்வெர்ட்டரும் இரவு முழுதும் விழித்திருந்து தன் பங்குக்கு மின்சாரத்தை உண்ணும். பழைய இரும்புக் கடையில் இரயில் விசிறி வாங்கலாமே என்றும் ஒருவர் யோசனை கூறினார். நம் இரயில் பெட்டி விசிறிகள் பெரும்பாலும் 110 வோல்ட் நேர்மின்சாரத்துக்கு உரியவை. அவற்றை 12 வோல்ட் மின்கலத்தில் இணைத்தால் உருப்படியாகச் சுழலா என்பதை அறிக.

அளவும் கணக்கும்

நீளம் 13 அடி, அகலம் 6 அடி, உயரம் 6 அடி உடைய வண்டி என்று கொள்வோம். உள்ளிருக்கும் இடம் 468 கன அடி. நிமிடத்துக்கு 300 கன அடி காற்றை வெளியேற்றும் விசிறி, ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் அவ்வளவு காற்றையும் மாற்றிவிடும். உறங்குவதற்கு இது தாராளம். பெரிய விசிறிகள் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 900 கன அடி வரை தள்ளும் என்று விற்போர் கூறுவர். அவ்வேகம் சமைக்கும்போதும், வெயிலில் நின்ற வண்டியின் சூட்டை முதலில் போக்கும்போதும் மட்டுமே தேவை. ஆகவே உச்ச வேகத்தைக் கண்டு மயங்காமல், மிகக் குறைந்த வேகத்தில் ஓசையின்றி ஓடுமா என்பதைக் கேட்டறிய வேண்டும். தலைக்கு மேல் இரைச்சலிடும் விசிறியை நள்ளிரவில் எவரும் அணைத்துவிடுவர். அணைத்த விசிறியால் யாருக்குப் பயன்?

வெளியேறும் காற்றுக்குச் சமமாக உள்ளே வரும் காற்றுக்கும் வழி வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். 300 கன அடி காற்று ஒரு சதுர அடிச் சாளரத்தின் வழி நுழைந்தால், அதன் வேகம் வினாடிக்கு 5 அடி. உடலுக்கு இதமான தென்றல். 900 கன அடிக் காற்றை அரைச் சதுர அடிச் சந்தின் வழி இழுத்தால், வினாடிக்கு 30 அடி வேகத்தில் அது நுழைய வேண்டும். விசிறி திணறும், சத்தம் எழும், சொன்ன அளவுக் காற்றும் வராது. ஆதலின் விசிறியை வண்டியின் ஒரு கோடியிலும், திறக்கும் சாளரத்தை மறு கோடியிலும் அமைத்துக் கொள்க. விசிறிக்கு அருகிலேயே சாளரம் திறந்திருந்தால், காற்று குறுக்கு வழியில் வந்து குறுக்கு வழியில் போய்விடும். படுத்திருப்போரை அது தீண்டாது. சாளரத்துக்குக் கொசுவலை அடித்தல் இன்றியமையாதது. வலையும் காற்றை ஓரளவு தடுக்குமாதலால் சாளரத்தைச் சற்றுப் பெரிதாகவே வைக்க.

மின்சாரம் எவ்வளவு?

விசிறி 3 ஆம்பியர் மின்சாரம் இழுப்பதாகக் கொண்டால், எட்டு மணி நேரத்துக்கு 24 ஆம்பியர்-மணி செலவாகும். 100 ஆம்பியர்-மணி கொண்ட ஈய மின்கலத்தில் பாதியளவே செலவிடுதல் அதன் ஆயுளுக்கு நல்லது. எனவே இரண்டு இரவுகளுக்கு ஏறத்தாழப் போதும். மூன்றாம் இரவுக்குள் மின்னேற்றம் செய்தாக வேண்டும். ஆனால் விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் காற்றும் பாதியாகும். அதற்கு வேண்டிய ஆற்றலோ ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். மெல்ல ஓடவிடுவோர் மின்கலத்தைக் காப்போராவர். நம் வீட்டுப் பழைய ரெகுலேட்டர் போல மின்சாரத்தைச் சூடாக வீணாக்கும் வேகமாற்றி இருப்பின் இச்சிக்கனம் முழுமையாகக் கிட்டாது. மின்னணு வேகமாற்றி உடையதையே நாடுக.

மழையும் துளையும்

நம் நாட்டு மழையை மனத்தில் கொண்டே மூடியைத் தேர்தல் வேண்டும். சில விசிறிகளில் மழை வந்தால் மூடியைத் தாழ்த்தி, விசிறியையும் நிறுத்த வேண்டும். வேறு சிலவற்றில் விசிறிக்கு மேல் குடை போன்ற கவிகை அமைந்திருப்பதால், மழையிலும் காற்றோட்டம் நில்லாது. ஆடி மழைக்குச் சாளரத்தையும் கூரையையும் ஒருங்கே மூடிக்கொண்டு ஐவர் படுத்திருப்பதை எண்ணிப் பார்த்தால், அக்கவிகைக்குக் கொடுக்கும் பணம் வீணன்று என்பது விளங்கும்.

அமெரிக்க விசிறிகளுக்குக் கூரையில் வெட்ட வேண்டிய துளை 14 அங்குலச் சதுரம். ஐரோப்பியக் கூரைச் சாளரங்களுக்குப் பெரும்பாலும் 40 சென்டிமீட்டர்ச் சதுரம். ஆதலின் பொருள் கைக்கு வந்த பின்னரே வெட்டுக. கூரையின் குறுக்கே ஓடும் விலா எலும்பு போன்ற சட்டங்களை ஒருபோதும் அறுக்கலாகாது. வெட்டிய விளிம்பில் துருத் தடுப்புப் பூச்சு இட்டு, உள்ளே மரச்சட்டம் கொடுத்து, இணைப்பில் பசை நாடாவும் அதன்மேல் நீர்காப்புப் பசையும் இட்டு இறுக்குக. உட்கூரைப் பலகை அடிக்கும் முன்னரே குடம் குடமாக நீர் ஊற்றிச் சோதிக்க. பலகை அடித்த பின் ஒழுக்கைக் கண்டுபிடித்தல் எளிதன்று.

துளையிடும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகுதல் நம் கடமை. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கும் உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் இதை வற்புறுத்தியது. இருக்கைகளை நீக்கிப் படுக்கை அமைத்தலும் இதனுள் அடங்கும்.

உயிர் காக்கும் செய்திகள்

எல்லாவற்றினும் முக்கியமானதை ஈற்றில் வைத்தோம், நினைவில் நிற்கும் பொருட்டு.

சமையல் எரிவாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். கூரை விசிறி அதை முற்றிலும் இழுத்துவிடும் என்று நம்புதல் ஆபத்து. மேலும் 100 கிராம் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 160 கிராம் நீர் ஆவியாகிச் சுவரெங்கும் வியர்க்கும். எனவே அடுப்பை வண்டிக்கு வெளியே, மர நிழலில் வைத்துச் சமைத்தலே சாலச் சிறந்தது. குளிர்காலத்தில் கரியடுப்பை உள்ளே வைத்துக் குளிர் காய்தல் கூடவே கூடாது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோரை எழுப்பாமலே கொல்லும்.

இன்னொன்று: சாளரங்களை எல்லாம் அடைத்துவிட்டு விசிறியை மட்டும் ஓட்டினால், அது தரையிலுள்ள சந்துகளின் வழியே காற்றை இழுக்கும். அப்போது இயந்திரமோ பக்கத்தில் ஜெனரேட்டரோ ஓடிக்கொண்டிருந்தால் அதன் புகையும் உள்ளே புகும். ஆகவே சாளரம் திறவாமல் விசிறி ஓட்டாதீர். இயந்திரத்தை ஓடவிட்டு உறங்காதீர். இந்நச்சு வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி ஒன்றைப் படுக்கை அருகே பொருத்துதல் நலம்.

இவற்றையெல்லாம் எடைபோட்ட அன்பர், 12 வோல்டில் இயங்குவதும், காற்றை இருபுறமும் தள்ளவல்லதும், மழைக்கவிகை உடையதுமான விசிறியை வாங்க முடிவு செய்தார். அதன் பொருட்டு வண்டியில் தொலைக்காட்சிப் பெட்டி வைக்கும் திட்டத்தைக் கைவிட்டார். பிள்ளைகளுக்குச் சிறிது மனக்குறை. ஆச்சிக்கோ நிறைவு. இளைப்பு நோயுள்ள ஒருவர் இரவு முழுதும் தடையின்றி மூச்சு விடுவதற்கு ஈடாக எந்தப் படக்காட்சியும் நில்லாது என்பது எம் துணிபு.

ஊர் நோக்கிப் புறப்படும் குடும்பங்கள், வண்டியின் அழகைப் பின்னும் பார்த்துக்கொள்ளலாம். அதன் மூச்சை முதலில் பாருங்கள். உங்கள் பயணங்கள் யாவும் நலமாகுக.