கடுகத்தனை உறுப்பு, மலையத்தனை கணக்கு!

டெலிவிஷன் பெட்டியைத் திறந்தால், உள்ளே பச்சை அட்டை ஒன்று இருக்கும். அதுதான் "சர்க்யூட் போர்டு". அதில் கடுகு போன்ற உறுப்புகள் நூற்றுக்கணக்கில் ஒட்டியிருக்கும்.

இதைச் செய்து கொடுக்க என்ன செலவு?

தொழிற்சாலை முன்கூட்டியே விலை சொல்லவேண்டும். அதிகம் சொன்னால் வேலை போய்விடும். குறைத்துச் சொன்னால் நஷ்டம்!

இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் போடுகிறது. உறுப்புகளின் விலையைக் கூட்டினால் மட்டும் போதாது. எந்திரம் ஓர் உறுப்பை ஒரு நொடிக்குள் வைத்துவிடும். கையால் பற்றவைப்பதென்றால் கூலி அதிகம். தேவை நூறு உறுப்புதான். சுருளில் வருவதோ ஆயிரக்கணக்கில்! மீதி யார் தலையில்?

விலையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2021-ம் ஆண்டில் உலகெங்கும் "சிப்" பஞ்சம். விலை மளமளவென்று ஏறியது. பழைய பட்டியலை நம்பியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

இப்போது நல்ல கணக்குப் புரோகிராம்கள், வியாபாரிகளின் அன்றைய விலையையும் கையிருப்பையும் இன்டர்நெட்டில் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கின்றன.